மழை வந்தால் சைட்டிலிருந்து செம்மண் தண்ணீர்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பெங்களூரில் 30 அடிக்கு 40 அடி சைட்டில் (மனையில்) வீடு கட்டுகிறவர்களையும், அதைக் கட்டிக் கொடுக்கத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்திருக்கும் மேஸ்திரிகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மழைநீரும் மண்ணும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனைகள் லைசென்ஸ் தாளில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். குழி தோண்டுகிறவர் கைக்கு அந்தத் தாள் வருவதேயில்லை. அவர் கண்ணில் படுவது அறிகுறிகள்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதில் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நகரத்தின் தென்கிழக்குப் பக்க மோரி (ரோட்டோர வடிகால்) தண்ணீர் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுகிறது. அங்கிருந்து தென்பெண்ணை, அடுத்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை. மேற்குப் பக்கத் தண்ணீர் விருஷபாவதியில் சேர்ந்து அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. சைட்டில் கரையும் மண் முதலில் மோரியை அடைக்கிறது, அடுத்து ஏரியைத் தூர்க்கிறது, மிச்சம் நம் ஊர் அணைக்கு வந்து சேர்கிறது.

முதலில் ஒரு வரிசை. வெளித் தண்ணீரை உள்ளே விடக் கூடாது. உள்ளே இருக்கும் மண்ணைத் திறந்து போடக் கூடாது. ஓடுகிற தண்ணீரை நிதானப்படுத்த வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் கேட்டில் வடிகட்டுவது. பெரும்பாலான சைட்டுகளில் இது தலைகீழாக நடக்கிறது: கேட்டில் நாலு மூட்டை அடுக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் மழை பெய்யும்போதே குடையோடு கேட்டில் தொடங்கி மேட்டுப் பக்கமாக நடந்து பாருங்கள். காரணம் மேலே இருக்கும்.

கேட்டில் செம்மண் தண்ணீர் ஓடுகிறது

அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 30க்கு 40 சைட் சுமார் 111 சதுர மீட்டர், 50 மி.மீ. மழைக்கு அதில் விழுவது ஏறக்குறைய 5,500 லிட்டர். ஒரு ஏக்கர் சைட்டில் அதே மழை 2 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் 17 லோடு. பெங்களூரில் ஒரே சாயங்காலத்தில் 50 மி.மீ. கொட்டுவது அபூர்வமில்லை. 2022 செப்டம்பர் 5 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 130 மி.மீ.-க்கு மேல் பெய்தது.

மேட்டுப் பக்க எல்லையில் நின்று பாருங்கள். பக்கத்துக் காலி மனையிலிருந்தோ ரோட்டிலிருந்தோ தெளிவாக உள்ளே வந்து, கீழ்ப்பக்கம் சிவந்து வெளியேறுகிறதா? அப்படியானால் அந்தத் தண்ணீர் உங்கள் சைட்டுக்கு வரவே தேவையில்லை. மேட்டு ஓரத்தில் ஒரு அடி உயரத்துக்கு வயல் வரப்பு போல மண் அணை போட்டு, அதன் வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து வாய்க்கால் வெட்டி, ரோட்டோர மோரிக்கே திருப்பிவிடுங்கள். அணையைக் கெட்டிப்படுத்தி மேலே தார்ப்பாயோ சிமெண்டுச் சாக்கோ போர்த்த வேண்டும்; இல்லாவிட்டால் முதல் மழையில் அணையே கரைந்து அதுவும் கேட்டுக்கு வரும். திருப்பும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் சுவரடிக்குப் போகக் கூடாது. அப்படிப் போய்த்தான் நிறைய சண்டை.

வெளித் தண்ணீர் வரவில்லை, ஆனால் தரையில் விரல் தடிமனுக்குக் கோடு கோடாக அரித்திருக்கிறது என்றால் குற்றவாளி திறந்த மண். மழைத்துளி விழும் அடியிலேயே மண் கலங்கிவிடுகிறது. சரிவு நீளமாக இருந்தால் தண்ணீர் வேகம் பிடிக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், தள்ளிப்போகும் கல்லின் குறுக்களவு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதனால் நீளச் சரிவைக் குறுக்கே வெட்டுங்கள்: சில மீட்டருக்கு ஒரு சின்ன மண் வரம்பு, அல்லது 20 மி.மீ. ஜல்லி நிரப்பிய சாக்கு வரிசை. தோண்டிய மண் குவியலைச் சாயங்காலம் வேலை முடியும்போதே மூடுங்கள். தார்ப்பாயை மேட்டுப் பக்கத்தில் மண்ணுக்குள் புதைத்து, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறியிருக்கும்படி போட வேண்டும். நாலு மூலையில் நாலு செங்கல் போதாது. காற்று மழைக்கு முன்னாடி வருகிற ஊர் இது.

குழி வெட்டித் தேக்கியும் தண்ணீர் சிவப்பாகவே போகிறதா? சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு சைட்டில் மேஸ்திரி இதைத்தான் கேட்டார்.

"மூணடிக் குழி வெட்டிட்டேன் சார். அப்பவும் செவப்பாத்தான் போகுது."

"அண்ணே, ஒரு காலி பாட்டில்ல அந்தத் தண்ணிய பிடிச்சு ஷெட்டுல ஆடாம வைங்க. நாளைக்கும் அதைத் தொடாதீங்க."

டீ வருவதற்குள் பாட்டில் அடியில் ஒரு விரற்கடை மணல் படிந்தது. மதியம் அதன் மேல் மாவு போல ஒரு மெல்லிய பட்டை. மேலே தண்ணீர் மட்டும் செங்கல் நிறத்திலேயே நின்றது. மறுநாள் காலையில் பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை.

காரணம் துகளின் பருமன். அசையாத தண்ணீரில் 1 மீட்டர் கீழே இறங்க 0.1 மி.மீ. மணலுக்கு 2 நிமிடம் போதும். 0.02 மி.மீ. வண்டலுக்கு முக்கால் மணி நேரம். 0.002 மி.மீ. களிமண்ணுக்கு 3 நாள். தேக்கக் குழி மணலையும் கொஞ்சம் வண்டலையும்தான் பிடிக்கும். அதுவும் மோரியைக் காப்பாற்றுகிற அளவுக்குப் பெரிய உதவிதான். களிமண்ணை எந்தக் குழியும் பிடிக்காது. அதைக் கிளம்பும் இடத்திலேயே மூடித்தான் நிறுத்த முடியும். உங்கள் பாட்டிலில் சீக்கிரம் தெளிந்தால் குழியில் முதலீடு செய்யுங்கள், தெளியாவிட்டால் தார்ப்பாயில்.

சின்ன சைட்டுக்குக் குழி 4 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழம் இருக்கலாம். சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். தாழ்ந்த மூலையில், பாயாவிலிருந்து (அஸ்திவாரத்திலிருந்து) தள்ளி வெட்டுங்கள். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் ஜல்லிப் பரப்பின் மேல் வழிய வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சேறு ஏறியதும் அள்ளுங்கள். சுற்றிலும் தடுப்புக் கட்டாமல் குழியை விடாதீர்கள். வேலையாட்களின் குழந்தைகள் சைட்டிலேயே விளையாடுகின்றன. தண்ணீர் நிறைந்த குழியின் ஆழம் அவர்களுக்குத் தெரியாது.

வலை கட்டியிருக்கிறோம், ஆனாலும் பயனில்லை

பச்சை ஷேட் நெட் கட்டியிருப்பீர்கள். அது தூசிக்கும் மறைப்புக்கும் சரி, மண்ணைப் பிடிக்காது. கண் அவ்வளவு பெரியது. தேவை ஜியோ டெக்ஸ்டைல், அதாவது தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் துணி. அதையும் சும்மா தொங்கவிட்டால் தண்ணீர் அடியில் நுழைந்துவிடும்: 15 செ.மீ. பள்ளம் தோண்டி அடி விளிம்பைப் புதைத்து மண் போட்டு மிதிக்க வேண்டும். கம்புகள் 2 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் நடுங்கள். இரண்டு முனைகளையும் மேட்டுப் பக்கம் வளைத்துவிடுங்கள், அப்போதுதான் ஓரத்தால் சுற்றிப் போகாது. நடுவில் தொப்பை போட்டுச் சாய்ந்தால் அங்கே தண்ணீர் வாய்க்காலாகச் சேர்கிறது என்று பொருள். ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே துணி நிற்கவே நிற்காது. அங்கே ஜல்லி மூட்டைதான், நடுவில் தாழ்வாக, இரு பக்கமும் உயரமாக. கீழ்ப்பக்கம் வரும் அடுத்த மூட்டை வரிசையின் தலைமட்டம் முந்தைய வரிசையின் அடிமட்டத்துக்கு வரும்படி இடைவெளி விடுங்கள்.

டிப்பர் போன தடமெல்லாம் ரோட்டில் சேறு

கேட்டிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை 40 முதல் 75 மி.மீ. ஜல்லி, 15 செ.மீ. தடிமன். அடியில் ஜியோ டெக்ஸ்டைல் விரிக்காவிட்டால் இரண்டு லோடில் ஜல்லி மண்ணுக்குள் போய்விடும். பெரிய சைட்டில் 15 மீட்டர் நீளம் வேண்டும். 30க்கு 40-இல் அந்த இடம் கிடையாது, இருக்கிற நீளம் முழுக்கப் போடுங்கள். ஏற்கெனவே விழுந்த சேற்றைப் பைப் வைத்துக் கழுவ வேண்டாம், அது நேராக மோரிக்குப் போகிறது. மண்வெட்டியால் வழித்து உள்ளே போடுங்கள். ரோட்டிலேயே காய்ந்தால் அதுதான் மறுநாள் தூசி. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டங்களுக்கு 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசு விதித் திருத்தம் இதைத் தனியாகவே சொல்கிறது: சைட்டுக்குப் போகும் பாதை கெட்டியாகப் போடப்பட்டிருக்க வேண்டும், மண்ணும் மணலும் மூடாமல் கிடக்கக் கூடாது, கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை காற்றுத் தடுப்பு வேண்டும். சின்ன வீட்டுக்கு இந்த விதி பொருந்தாவிட்டாலும் முறை ஒன்றுதான்.

பாயாக் குழியில் தண்ணீர் நிற்கிறது, பம்ப் போட வேண்டும்

ராத்திரியில் பம்ப் போட்டு யுஜிடி (பாதாளச் சாக்கடை) மூடியைத் திறந்து விட்டுவிடுவது இங்கே பழகிப்போன வேலை. அது தவறு என்பதோடு பலனும் நம் தெருவுக்கே திரும்பி வரும். யுஜிடி சாக்கடைக்கு மட்டும். மழைநீரை அதில் விடக் கூடாது என்பது குடிநீர் வாரியத்தின் விதி. மண் படிந்து குழாய் சுருங்கினால் கீழ்வீட்டுக் குளியலறையில் சாக்கடை பொங்கும்.

சரியான வழி: குழியின் ஒரு மூலையில் ஒன்றரை அடி ஆழத்துக்குச் சின்னப் பள்ளம் எடுத்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிரம்மை இறக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, உறிஞ்சும் குழாயை அதற்குள் விடுங்கள். சேற்றின் மேல் குழாயைப் போட்டு இழுத்தால் சேறுதான் வரும். வெளியேறும் தண்ணீர் தேக்கக் குழிக்கோ, பழைய சின்டெக்ஸ் தொட்டிகள் இரண்டு மூன்றை வரிசையாக இணைத்து அவற்றுக்கோ போகட்டும். தெளிந்த மேல் தண்ணீரைத் தூசி அடக்கத் தெளிக்கலாம். கலங்கலாகவே நின்றால் படிகாரம் உதவும்: முதலில் ஒரு பக்கெட்டில் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்துப் பார்த்து, திரி திரியாகச் சேறு கட்டும் அளவைக் கண்டுபிடித்து, அதே விகிதத்தைத் தொட்டிக்குப் போடுங்கள். அடியில் படியும் சேறு மோரிக்குப் போகக் கூடாது.

பம்ப் போடும் முன் அடுத்த பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

குழி ஓரம் சரிகிறது, பக்கத்துச் சுவரில் விரிசல்

இதில் ஆட்கள் செத்துப்போகிறார்கள். குழி ஓரத்துக்கு இணையாகத் தரையில் நீள விரிசல், சுவரிலிருந்து மண் கட்டி கட்டியாக உதிர்வது, மண் சுவரின் நடுவிலிருந்து ஊற்று போலத் தண்ணீர் கசிவது: இதில் ஒன்று தெரிந்தாலும் குழிக்குள் இருக்கும் அத்தனை பேரையும் மேலே ஏற்றுங்கள். கம்பி கட்டும் வேலை பாதியில் நிற்கட்டும்.

அடுத்தது பலருக்கும் தெரியாதது. குழியில் நிறைந்திருக்கும் தண்ணீர் ஓரச் சுவர்களை உள்ளிருந்து தாங்கிக்கொண்டும் இருக்கிறது. சுவருக்குள் ஊறிய தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். பெரிய பம்ப் வைத்து ஒரே மூச்சில் குழியைக் காலி செய்தால், உள்தாங்கல் போய்விடும். ஊறிய மண்ணின் கனமும் நீரழுத்தமும் அப்படியே இருக்கும். மழை விட்டு, வெயில் அடித்து, தண்ணீர் வடித்த பிறகு சுவர் சரிவது இதனால்தான். மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நிறுத்தி நிறுத்தி ஓரத்தைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது ஆள் உள்ளே இருக்கக் கூடாது.

தோண்டும் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3764, மண்ணில் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குத் தாங்கல் கட்டச் சொல்கிறது. தோண்டிய மண்ணை ஓரத்திலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். நம் 30க்கு 40 சைட்டுகளில் குழியின் உதட்டிலேயே மண்ணைக் குவிக்கிறோம். அதன் மேலேயே ஜேசிபியும் ஏறுகிறது. இடமில்லை என்றால் மண்ணை வெளியேற்றிவிட்டுத் தோண்டுங்கள். செல்லார் (தரைக்குக் கீழ்த் தளம்) வேலையை முடிந்தால் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வையுங்கள். ஏப்ரல், மே இடிமழை தொடங்கினால் அக்டோபர் வரை குழியை நம்ப முடியாது.

பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் வந்திருந்தால் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்துத் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அன்றைக்கே கூப்பிடுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் அந்த அறையில் படுக்கக் கூடாது. யாராவது மண்ணுக்குள் மாட்டிக்கொண்டால் 112. ஜேசிபியால் தோண்டி எடுக்க முயல வேண்டாம்.

தெருவில் முட்டிக்கால் தண்ணீர், மோரி வாங்கவில்லை

எம் சாண்டும் ஜல்லியும் ரோட்டோரம் கொட்டியிருக்கிறதா பாருங்கள். ரோட்டோரம் மழைநீர் இறங்கும் ஓட்டைக்கு மேட்டுப் பக்கம் குவித்த மணல், முதல் அரை மணி நேரத்திலேயே உள்ளே போய்விடும். குவியலை மனைக்குள் மாற்றுங்கள். இடமில்லாமல் வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் மாநகராட்சி அனுமதி வாங்கி, மூன்று பக்கம் ஹாலோ பிளாக் அடுக்கி, மூடி வையுங்கள். இரண்டு நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் இறக்குங்கள்.

மண் போகாமலிருக்க அந்த ஓட்டையையே சாக்கால் அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தெரு முழுக்கக் குளமாகும். ஓட்டையைச் சுற்றி ஜல்லி மூட்டைகளை அரைவட்டமாக, ஓட்டையைவிடக் கொஞ்சமே உயரமாக வைத்து, பெருமழைக்கு வழிந்து போக இடம் விடுங்கள். மழை நின்றதும் மூட்டைக்கு முன்னால் சேர்ந்ததை அள்ளுங்கள்.

மோரியில் வெள்ளைத் தண்ணீர்

மிக்ஸர் கழுவிய தண்ணீர். சுண்ணாம்புக் காரம் அதிகம், கை வெந்துபோகும், ஏரி மீனுக்கு விஷம். தடித்த பாலித்தீன் விரித்த ஒரு குழியில் மட்டும் கழுவுங்கள். காய்ந்து இறுகியதை உடைத்து இடிபாட்டோடு அனுப்புங்கள்.

சைட்டின் ஓரமே ராஜகால்வாய்

ராஜகால்வாய் என்பது பெரிய மழைநீர்க் கால்வாய். தரையில் அது தெரியாவிட்டாலும் பழைய கிராம வரைபடத்தில் இருக்கலாம். வாங்கும் முன்பே பாருங்கள். 2015 மாஸ்டர் பிளான்படி முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் விட வேண்டும். அளப்பது கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து. 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தூரங்களை மாற்றியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. இரண்டு கணக்கும் இன்னும் வாய்வழியாகச் சுற்றுகின்றன. அதனால் உங்கள் சைட்டுக்கான தூரத்தை அனுமதி வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அந்த இடைவெளியில் தோண்டிய மண்ணைக் குவிப்பதோ, டிப்பரில் கொண்டுபோய்க் கால்வாய்க் கரையில் தட்டிவிடுவதோ வேண்டாம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, நீரோட்டத்தைத் தடுக்கும் பொருளைப் போடுவதையும் சேர்த்தே தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் நீரோடை என்பது தற்போது வறண்டு கிடக்கும் ஓடையையும் குறிக்கும். "தண்ணியே இல்லையே சார்" என்பது பதிலாகாது.

ரீசார்ஜ் கிணற்றில் தண்ணீர் இறங்கவில்லை

பெங்களூரில் 1,200 சதுர அடியிலும் அதற்கு மேலும் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2009-இல் வந்த சட்டத் திருத்தம் அது. சேகரித்த நீரை நிலத்துக்குள் இறக்குவதுதான் ரீசார்ஜ் கிணறு. புதுக் கிணறு முதல் வருடமே அடைத்துக்கொண்டால், கட்டுமான வேலை நடக்கும்போதே குழாயை இணைத்திருப்பார்கள். பூச்சு வேலைச் சிமெண்டுத் தண்ணீரும் செம்மண்ணும் அடியில் பாலாடையாகப் படிந்திருக்கும். அடிச்சேற்றை வழித்தெடுத்து, ஜல்லியைக் கழுவிப் போட்டால் சரியாகும். வேலையெல்லாம் முடிந்து முற்றத்து மண் மூடப்படும் வரை குழாயை இணைக்காதீர்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டது

முதலில் சரிசெய்யுங்கள், பிறகு பதில். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் தேதி தெரியும் படங்கள், மோரியிலிருந்து அள்ளிய மண் எங்கே போனது என்ற ரசீது, இரண்டும் இருந்தால் பதில் ஒரு பக்கத்தில் முடியும். 2025 செப்டம்பர் 2 முதல் பழைய மாநகராட்சியான பிபிஎம்பி இல்லை. கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள். உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்து அங்கே கொடுங்கள்.

கட்டட இடிபாட்டுக்கான 2016 விதிகளே, மண்ணோ இடிபாடோ போக்குவரத்தையும் மோரியையும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது அதை உண்டாக்குகிறவர் பொறுப்பு என்றன. ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு மாதத்தில் 300 டன் தாண்டினால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரித்து, திட்டம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் அவை சொல்லின. 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளுக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு என்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் உண்டு. அதன் நிபந்தனைத் தாளைத் தமிழில் ஒருவர் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டுவது அந்த நிறுவனத்தின் வேலை. அதைக் கேட்டு வாங்க மேஸ்திரிக்கு உரிமை இருக்கிறது.

பணம் இல்லாமல் வேலை நின்றுபோன சைட்

மாதக்கணக்கில் யாரும் வராத சைட்தான் அதிகம் கரைகிறது. தார்ப்பாய் ஒரு வெயில் காலத்தில் கிழிந்துவிடும். மேல் மண்ணைக் குறுக்கு வாக்கில் லேசாகக் கொத்தி, கொள்ளு விதைத்து, மேலே வைக்கோலைப் பரப்பிவிடுங்கள். இந்தச் செம்மண்ணில் அது சீக்கிரம் முளைத்துத் தரையை மூடும். செங்குத்தான சரிவில் வைக்கோல் வழுக்காமலிருக்க மேலே கயிற்று வலை கட்டுங்கள். விதைத்த வாரத்தில் மழை இல்லையென்றால் காலையில் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். பைப்பைத் திறந்துவிட்டால் விதையோடு மண்ணும் போய்விடும்.